வீடு பார்க்கப் போன ஞாயிறு

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் சாப்பிடுவார்கள். நான் அட்டவணை போடுவேன். அப்பா இறந்த வாரத்தில்கூட, யாருக்குச் சொல்லியாயிற்று, யாருக்குச் சொல்லவில்லை என்று கட்டம் போட்டு நிறம் அடித்துக்கொண்டிருந்தேன். (பெருமைக்குச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.)

சில வருடங்களுக்கு முன் ஒரு வைகாசியில் அந்தப் பயம் மறுபடி வந்தது. தென்காசியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர், தன் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு திரும்புவதாகச் சொல்லி, ஆவணிக்குள் காலி செய்யச் சொன்னார். அம்மாவுக்கு அது பதினோராவது வாடகை வீடு. பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கித் துடைத்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெட்டிகளை அவள் தூக்கிப் போட்டதே இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்து மாறுவது சொந்த வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்தேன். கையில் மூன்று மாதம் இருந்தது.

கடன் கொடுப்பவரைத் தேர்ந்தெடுக்க இருபத்திரண்டு கேள்விகள் தயாரித்தேன். (நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அடுத்தவர் பிழையில்தான் எங்களுக்குச் சாப்பாடு.) ஒரு தனியார் வங்கியில் நான்காவது கேள்விக்கே "லைன்ல இருங்க மேடம்" என்று பாட்டுப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் எதையும் விசாரிக்காமல் "மூணே நாள்ல பணம்" என்றார்கள். வட்டி ஒரு சதவீதம் அதிகம். அதற்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பெண். ஓர் அரசு வங்கியின் கடன் பிரிவு அதிகாரி மட்டும் இருபத்திரண்டுக்கும் தொலைபேசியிலேயே நிதானமாகப் பதில் சொல்லி, கடைசியில், "வேற எதுவும் கேக்கணுமா மேடம்?" என்றார். முழு மதிப்பெண். முகம் பார்க்காமலே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டேன்.

தரகரைத் தேர்ந்தெடுப்பது இன்னும் சுலபமாக இருந்தது. மூன்று பேரைப் பார்த்தேன். இரண்டு பேர் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தார்கள். சுப்பையா அண்ணாச்சி நோட்டு வைத்திருந்தார். எழுதி வைக்கிற மனிதர் தவறு செய்யமாட்டார் என்பது அப்போதைய என் கொள்கை.

"நானும் அம்மாவும் வீடு பாக்கணும் அண்ணாச்சி," என்றேன்.

அவர் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். "வயசு என்ன தாயி?"

"இருபத்தொம்பது."

சம்பளம் கேட்டார். சொந்த ஊர் கேட்டார். கீழப்பாவூர் என்றேன். "நட்சத்திரம்?"

"உத்திரட்டாதி."

பால் காய்ச்ச நாள் குறிப்பதற்கு இப்போதே வாங்கி வைக்கிறார் என்று நினைத்தேன். வாடிக்கையாளரின் தேவைகளை இவ்வளவு முழுமையாகக் கேட்டு எழுதுகிற ஆள் எங்கள் அலுவலகத்திலேயே கிடையாது.

ஆனி பிறந்ததும் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "இலஞ்சில ஒண்ணு இருக்கு தாயி. நல்ல இடம். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வீடு பாக்கப் போயிருங்க. நான் பின்னாலயே வாரேன்."

நல்ல சாரல். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கார்களின் நடுவே, ஸ்கூட்டரில் நனைந்தபடி போனோம். ஒழுகும் கூரையைக் கண்டுபிடிக்க ஏற்ற நாள் என்று சந்தோஷப்பட்டேன்.

வாசலிலேயே ஓர் அம்மாள் காத்திருந்தார். "வாங்க மைனி, இப்படி நனைஞ்சிட்டீங்களே," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "புள்ளயயும் கூட்டிட்டு வந்தது நல்லதுதான். இந்தக் காலத்துல நேர்ல பாத்துக்கிடணும்," என்றார். கேசரி வந்தது. நிறைய முந்திரி. கைபேசியில் குறித்துக்கொண்டேன்: விற்பவருக்கு அவசரம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பிறகு வேலையைத் தொடங்கினேன். கூரை மூலைகளில் டார்ச் அடித்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். தரை வாட்டம் பார்க்க ஒரு கோலிக்குண்டை உருட்டினேன். அது அந்த அம்மாளின் காலருகே போய் நின்றது. அவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"எத்தனை வயசு ஆச்சு?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு முடிஞ்சிட்டும்மா."

"பாத்தா தெரியலையே. நல்லா மெயின்டெயின் பண்ணிருக்கீங்க."

அவர் முகம் மலர்ந்தது.

"பங்கு கேட்டு வேற யாரும் வருவாங்களா?"

"யாரு வரப்போறா? ஒத்தப் புள்ள. எல்லாம் அவனுக்குத்தான்."

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "ஏட்டி, கொஞ்சம் சும்மா இரி."

ரொம்ப ஆர்வம் காட்டினால் விலை ஏறிவிடும் என்று அம்மா எச்சரிப்பதாக எடுத்துக்கொண்டு, குரலைக் கறாராக்கினேன். "சரி, நீங்க எப்ப காலி பண்ணுவீங்க?"

"நாங்க எதுக்குத் தாயி காலி பண்ணணும்?"

"ரெஜிஸ்டர் முடிஞ்சபெறகு நீங்க இங்கன இருக்க முடியாதுல்லா. வேணும்னா ஒரு வாரம் டைம் தாரேன்."

அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஒத்தப் புள்ளைக்கு மண்டபம்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன். நீ ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிட்டு, ஒரு வாரத்துல எங்கள வெளிய போகச் சொல்லுதியா?"

உள்ளறையிலிருந்து, தேய்த்த சட்டை போட்ட ஒருவர் வந்தார். "அம்மா, நீ செத்த இரு," என்று அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மேடம், நீங்க... அந்த இருபத்திரண்டு கேள்வி?"

முகம் புதிது. குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். முழு மதிப்பெண் போட்ட குரல்.

அப்போதுதான் சுப்பையா அண்ணாச்சி குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். "என்ன, ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கா?"

அவருடைய நோட்டு முன்பக்கமிருந்து திறந்தால் வீடு, பின்பக்கமிருந்து திறந்தால் மாப்பிள்ளை என்பது அங்கேதான் தெரிந்தது. என்னை எழுதியது பின்பக்கத்தில். அவர் வருத்தமெல்லாம் படவில்லை. "பொம்பளப் புள்ளயக் கூட்டிட்டு வந்து வீடு பாக்கணும்னாங்க. நம்ம பக்கத்துல அதுக்கு மாப்பிள்ள வீடு பாக்கதுன்னுதான அர்த்தம்? நட்சத்திரம் கேட்டேன், மடமடன்னு சொல்லுதா. நான் என்னத்த நெனைக்க?" என்றார். அம்மாவுக்கு, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்ட அந்த 'மைனி'யிலேயே புரிந்துவிட்டதாம். என் வாய்க்கு நடுவே சொல்ல இடைவெளிதான் கிடைக்கவில்லை.

புறப்படும்போது அந்த அம்மாள், "இவனுக்கு இது அஞ்சாவது இடம் மைனி," என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். ஐந்து முறை முந்திரி வறுத்திருக்கிறார். அதைக் கேட்காமல் வந்திருந்தால் இன்று இன்னும் நன்றாகச் சிரித்திருப்பேன்.

மறுநாள் வங்கியிலிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது. என் விண்ணப்பத்தை வேறொரு அதிகாரி பார்ப்பார், அசல் ஆவணங்களுடன் ஒருமுறை நேரில் வர வேண்டும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் வங்கி வாசலில் அந்த அம்மாள் மகனுக்குச் சோற்றுவாளியோடு நிற்பதுபோலத் தோன்றி, ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். (ஒருமுறைகூட அவர் அங்கே இல்லை.) கடைசியில், விண்ணப்பத்தை ரத்து செய்யும்படி எழுதிவிட்டேன். ஆகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய நிறுவனத்திடம் போக அப்போது மனம் வரவில்லை. கடன் உறுதியாகாததால் எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுக்க முடியவில்லை. ஆவணியும் வந்தது. அம்மாவின் பெட்டிகள் வடகரையில் பன்னிரண்டாவது வாடகை வீட்டில் இறங்கின. சமையலறைச் சுவர் ஊறியிருந்தது. அம்மா அப்போதும் பெட்டிகளைக் காலி செய்து, துடைத்து, பரணில் ஏற்றினாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

தை மாதம் மேலகரத்தில் இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. சுப்பையா அண்ணாச்சிதான் காட்டினார், நோட்டின் முன்பக்கத்திலிருந்து. கடன் கொடுத்தது, என் அட்டவணையில் கடைசியாக வந்த அந்த நிறுவனம். சொன்னபடியே மூன்று நாளில், ஒரு சதவீதம் கூடுதல் வட்டிக்கு, இருபது வருடத் தவணையில்.

மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தவணை கழிந்ததும் என் கைபேசி ஒலிக்கும். வீட்டில் யார் இருந்தாலும், விருந்தாளியே இருந்தாலும், அம்மா அடுக்களையிலிருந்து தவறாமல் கேட்பாள்.

"ஏட்டி, சம்பந்தி வீட்டுக்குச் சீர் போயிட்டா?"

"போயிட்டும்மா," என்பேன். இன்னும் பதினேழு வருடம் போக வேண்டும்.