டைகருக்கு ஆகாத டிஸ்டெம்பர்

ஒரு ஞாயித்துக்கிழமை மீசைக்குச் சீப்பு போட்டுக்கிட்டே மருதப்பன் முடிவு பண்ணிட்டாரு. தன் பேச்சைக் கேக்க வீட்டுல ஒரு உசுராவது வேணும்.

பொண்டாட்டி ரத்தினம்மா கேக்க மாட்டா. அது அவங்க தெரு ஜாலான் புசார் முழுக்கத் தெரிஞ்ச சங்கதி. அவங்க குடியிருந்த கடைவீட்டுப் பின்னறையில குழாய்கூட இவரு திருகினா இருமும், அவ திருகினாத்தான் தண்ணி விடும். புள்ளை குட்டியும் இல்ல. மிச்சம் இருந்தது நாய்தான்.

மனுசனுக்குப் பெயிண்டு வேலை. பகல்ல சுவத்துக்கு டிஸ்டெம்பர் அடிப்பாரு, சாயங்காலம் கள்ளுக்கடையில கள்ளு அடிப்பாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து பேச்சுல அடி வாங்குவாரு. ஆக, அடியிலயே ஓடுச்சு பொழப்பு.

சாங்கியில வெள்ளைக்கார ஏர்போர்ஸ் குவார்ட்டர்ஸ்ல வேலை. அங்க ஒரு துரைசானி அல்சேஷன் நாய் வளர்த்துக் குட்டி வித்துக்கிட்டிருந்தா. மருதப்பன் அவ நாய்க்கூண்டுக்கெல்லாம் பெயிண்டு அடிச்சுக் குடுத்து, கூலி வேணாம், குட்டி ஒண்ணு குடுன்னாரு. இருக்கிறதுலயே நோஞ்சானா ஒண்ணைத் தூக்கிக் குடுத்தா. குடுக்கும்போது விரலை ஆட்டி, பாதி இங்கிலீஷும் பாதி மலாயுமா எச்சரிக்கை வேற.

"டிஸ்டெம்பர், வெரி பேட். கெனா டிஸ்டெம்பர், மாத்தி."

கெனான்னா பட்டா. மாத்தின்னா சாவு. மருதப்பன் தன்னையே ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. அவரு சட்டையில டிஸ்டெம்பர், நகத்துல டிஸ்டெம்பர், காது மடல்லகூட டிஸ்டெம்பர். சீமை நாயாச்சே, சுவத்துக்கு அடிக்கிறது மேல பட்டாலே தாங்காது போலன்னு நெனச்சுக்கிட்டாரு. குட்டியை ஒரு கூடையில வச்சு, கூடையைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே பஸ்ஸேறினாரு. பாத்தவங்க உள்ள பாம்பு இருக்குன்னு நெனச்சு எடம் விட்டாங்க.

வீட்டுல ரத்தினம்மா கூடைக்குள்ள எட்டிப் பாத்தா.

"என்னங்க இது, பெருச்சாளியா?"

"நாய். அல்சேஷன். பேரு டைகர்."

"பேருதான் புலி. பாத்தா ஈரப் பூனை மாதிரி இருக்கு."

"வளரும். நான் சொன்னா உக்காரும், நான் சொன்னா எந்திரிக்கும். ஆனா ஜாக்கிரதை, டிஸ்டெம்பர் பட்டா செத்துடும்னு துரைசானி சொல்லியிருக்கா."

"எந்த டிஸ்டெம்பர்?"

"ஊர்ல எத்தனை டிஸ்டெம்பர் இருக்கு? நான் அடிக்கிறதுதான்."

ரத்தினம்மா அவரைத் தலைமுடியிலேருந்து கால் நகம் வரைக்கும் ஒரு பார்வை பாத்தா.

"அப்ப நீங்க ஏங்க அதைத் தொட்டுகிட்டு நிக்கிறீங்க?"

குட்டி அவ கைக்கு மாறிடுச்சு. மருதப்பன் மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாரு, சவுக்காரம் போட்டுத் தேச்சாரு, தேங்காநார் போட்டுத் தோலே வழண்டு போற மாதிரி தேச்சாரு. ரத்தினம்மா மோந்து பாத்துட்டு, "இன்னும் வாடை இருக்கு"ன்னா. இவரும் மூணு முழம் தள்ளி நின்னு "டைகர், உக்காரு"ன்னு சொல்லிப் பாத்தாரு. அது அவ மடியில படுத்துக்கிட்டு இவரைப் பாத்துக் கொட்டாவி விட்டுச்சு.

அந்த வாரமே குட்டிக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. குடிச்ச பாலெல்லாம் வாந்தி. வயிறு மட்டும் பூசணிக்கா மாதிரி ஊதிக் கிடக்கு, மூக்கு காஞ்ச ரொட்டி. மருதப்பன் வாசப்படிக்கு வெளியில குத்தவச்சு, "டைகர், டைகர்"னு கூப்பிட்டாரு. வாலுகூட ஆடல. அன்னிக்கு அவரு வேலைக்கும் போகல, கள்ளுக்கடைக்கும் போகல.

ரத்தினம்மாதான் மூணு சக்கர டிரைஷா ஒண்ணு புடிச்சு நாய் டாக்டர்கிட்ட கொண்டு போனா. கூட வரேன்னவரைப் பாத்து, "வழியிலயே கொன்னுடலாம்னு இருக்கீங்களா?"ன்னு கேட்டு உக்கார வச்சுட்டா. திரும்பி வந்ததும் இவரு ஓடினாரு.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"டிஸ்டெம்பர்தான் நாய்க்குப் பெரிய ஆபத்துன்னாரு."

"கூடையில தூக்கி வச்சது நான்தானே. நானே கொன்னுட்டேனா ரத்தினம்?"

"சாகல. ஊசி போட்டிருக்கு, மருந்து குடுத்திருக்கு. ஆனா இனிமே வாடைகூட ஆகாது. நீங்க உள்ள படுக்க முடியாதுங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாய் இருக்கிற வரைக்கும்."

"நாய் எவ்வளவு நாள் இருக்கும்?"

"நல்லாப் பாத்துகிட்டா பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும்லா."

பாயைச் சுருட்டிக்கிட்டுக் கடை முன்னால இருக்கிற அஞ்சடிப் பாதைக்கு வந்து சேர்ந்தாரு மருதப்பன். வீட்டுல டிஸ்டெம்பர் இவருக்கு, டெம்பர் அவளுக்குன்னு பாகம் பிரிஞ்சு போச்சு. காலையில அங்க சிகரெட் பெட்டிக்கடை தொறக்கிற சாகுல் ஹமீது குனிஞ்சு பாத்தாரு.

"என்ன மருதப்பண்ணே, உள்ள ஆளு குரைக்குது, வெளியில நாய் படுத்திருக்கே?"

"மாத்திச் சொல்றீங்க பாய்."

"நானா மாத்தினேன்?"

மருதப்பன் விடல. வேலைக்கு ஆள் விடுற மண்டோர் கால்ல விழாத குறையா கெஞ்சி, நிழல்ல செய்யிற டிஸ்டெம்பர் வேலையை விட்டுட்டு, மூங்கில் சாரத்துல ஏறி வெளிச்சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனாரு. வெயில்ல முதுகு தோசையா வெந்துச்சு. எல்லாம் டைகருக்காக. அதுக்கும் ரத்தினம்மா, "சுண்ணாம்பு என்ன வேத்து ஆளா? டிஸ்டெம்பருக்குப் பங்காளிதானே"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா.

உள்ள குட்டி வளந்துச்சு. முட்டை அதுக்கு, ஈரல் அதுக்கு. ரசம் இவருக்கு. டைகர்னு இவரு சன்னல் வழியாக் கூப்பிட்டா அது சுவத்தைப் பாக்கும். ராஜான்னு அவ கூப்பிட்டா பறந்து வரும்.

கொஞ்ச மாசம் கழிச்சு சாங்கியில திரும்ப வேலை வந்துச்சு. துரைசானி குட்டி நல்லாயிருக்கான்னு விசாரிச்சா. மருதப்பன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, தெரிஞ்ச மலாயில, நான் டிஸ்டெம்பரைத் தொடுறதே இல்ல, வீட்டுக்குள்ள போறதே இல்ல, தெருவுலதான் படுக்கிறேன்னு சொன்னாரு. கையில இருந்த தூரிகையை ஆட்டியும் காட்டினாரு. துரைசானிக்கு முதல்ல விளங்கல. விளங்கினதும் சிரிச்சா பாருங்க, நாற்காலியப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. புருசனையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி சிரிச்சா.

"சாக்கிட்," கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சொன்னா. "சாக்கிட் அஞ்சிங்."

சாக்கிட்னா நோய். அஞ்சிங்னா நாய். டிஸ்டெம்பர்ங்கிறது நாய்க்கு வர்ற ஒரு காய்ச்சலாம். சுவத்துக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.

அவமானம் ஒரு பக்கம் எரிஞ்சாலும் இன்னொரு பக்கம் மருதப்பனுக்குத் தலைகால் புரியல. கள்ளுக்கடையத் தாண்டி நேரா வீட்டுக்கு வந்தாரு. பாயைத் தூக்கிக்கிட்டு வாசப்படியில நின்னாரு.

"ரத்தினம், அது பெயிண்டு இல்ல. அது ஒரு நோவு."

"தெரியுமே," வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா.

"எப்பத்துலேருந்து?"

"டிரைஷாவுல போன அன்னிக்கே. வயித்துல பூச்சி, மருந்து குடுத்தாப் போயிடும்னாரு டாக்டர். டிஸ்டெம்பர் வராம இருக்க ஊசி போட்டாரு."

"அப்ப என் வாடை?"

"பெயிண்டு வாடை நாய்க்கு ஒண்ணும் பண்ணாது. கள்ளு வாடைதான் எனக்கு ஆகாது. கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன், ஒரு நாள் தள்ளிப் படுத்தீங்களா? நாய்க்கு ஆகாதுன்னதும் அன்னிக்கே பாயைச் சுருட்டினீங்க."

மருதப்பன் பாயைக் கக்கத்துல இடுக்கினாரு. ஒரு காலை உள்ள வச்சாரு. அல்சேஷன் எந்திரிச்சுச்சு. வளந்த நாய். பல்லெல்லாம் வெளிய தெரிய உறுமிச்சு.

"டைகர், நான்தான்டா," காலை அப்படியே நிறுத்திக்கிட்டுச் சொன்னாரு.

ரத்தினம்மா தலையைக்கூடத் தூக்கல.

"கத்தாத ராஜா. பெயிண்டு அடிக்கிற ஆளு. இப்பப் போயிடுவாரு."