இடது நெஞ்சில் ஐந்து கால் ஈ

வேலம்பாளையம்
18.6.1991

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை ஞானசம்பந்தம் அவர்களுக்கு மாமனார் சாமியப்பன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அத்தையும் சுகம். பனியன் கம்பெனியின் சுகம் உங்கள் கையில் இருக்கிறது. நீங்களும் கண்ணம்மாளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் காலேஜில் பூச்சிப் பாடம் நடத்துகிறவர். ஈயைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவருக்குப் பெண் கொடுப்பதா என்று நிச்சயத்தன்று எங்கள் பங்காளிகள் கேட்டார்கள். இப்போது அந்தப் படிப்புக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

ஜெர்மன்காரர் ஒருவர் ஆண்கள் டீ-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்துச் சாம்பிள் அனுப்பினார். வந்த அன்றே கம்பெனியில் பிரித்துப் பார்த்தேன். உங்கள் அத்தை அறுத்துக் கொடுத்தனுப்பிய மாம்பழத்தைத் தின்றுகொண்டிருந்ததால் கண்ணாடி போடவில்லை; வெள்ளை என்பது மட்டும் தெரிந்தது. கறை படக் கூடாதென்று உடனே பாலிதீன் கவரில் போட்டு ஒட்டி, நாலு கட்டுத் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் கண்ணாடியோடு எடுத்தால், இடது நெஞ்சில் எள்ளளவு ஒரு ஈ. வெளிநாட்டில் சிலர் முதலை போடுகிறார்கள், சிலர் குதிரை போடுகிறார்கள், இவர் ஈ போட்டிருக்கிறார், அது அவர் இஷ்டம். சாம்பிள் எப்படியோ சரக்கும் அப்படியே என்பதுதான் நம் தொழில். போன வருஷம் லேபிளை அரை விரல் தள்ளித் தைத்ததற்கு மொத்தச் சரக்கும் திரும்பி வந்து, இன்றைக்கும் நம் ஆட்கள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். இதுவும் திரும்பினால் கம்பெனியைப் பூட்டிவிட்டு நானும் அத்தையும் உங்கள் வீட்டில்தான் வந்து உட்கார வேண்டும்.

ஆகையால் சாம்பிளை யாரையும் தொட விடாமல், துணியில் இழை எண்ணுகிற லென்ஸைக் கவர் மேலேயே வைத்து, பக்கத்து ஊர் மண்ணரையில் எம்பிராய்டரி போடும் கைருதீனும் நானும் அங்கம் அங்கமாகப் பார்த்தோம். கண் நல்ல சிவப்பு. இறக்கை இரண்டே. அதற்குப் பின்னால் இரு பக்கமும் குண்டூசித் தலை மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது.

"இது பிசிறுங்க மொதலாளி, கட் பண்ணீரலாங்க" என்றார் கைருதீன்.

"சாம்பிள்ல இருக்குதல்லொ? அப்ப போடுங்க" என்றுவிட்டேன்.

முதுகில் முடி வரிசையாக நிற்கிறது. வயிறு பட்டை பட்டையாக வந்து கடைசியில் முழுக் கறுப்பு. முன்னங்காலில் சீப்பு மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல். ஆண்கள் சரக்கென்பதால் ஈயும் ஆணாகத்தான் இருக்கும் என்கிறார் கைருதீன். சீப்பு வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சிக்கல் காலில்தான். எப்படி எண்ணினாலும் ஐந்து. "ஈக்கு ஆறு காலுங்க, இதுகூடத் தெரியாதுங்களா?" என்கிறாள் உங்கள் அத்தை. நம் ஊர் ஈக்கு ஆறு, சரி. ஜெர்மனியில் எப்படியோ? "தச்சதப் பிரிச்சா ஓட்டை உளுந்துருமுங்க, ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்று கைருதீன் பயப்படுகிறார். அதனால் எல்லா உருப்படியிலும் ஐந்து கால் தைத்து, ஆறாவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். மேற்கண்ட அடையாளங்களைக் கொண்டு இது இன்ன ஈ, இதற்கு இத்தனை கால் என்று மறு தபாலில் எழுதவும். சரக்கு அடுத்த வாரம் கப்பலேற வேண்டும்.

கண்ணம்மாளுக்கு அத்தை எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். எள்ளைப் பார்த்தாலே எனக்குக் கால் எண்ணத் தோன்றுவதால் இப்போது அனுப்பவில்லை. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழ ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
சாமியப்பன்

பி.கு.: இதை ஒட்டப் போகும் நேரத்தில் கைருதீன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கச் சாம்பிள் கவரைப் பிரித்தார். ஃபேன் காற்றில் சின்னம் எழும்பிப் போய் மேசையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஊசி போன தடமே இல்லை. ஆறாவது கால் கவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் மாம்பழ நார் ஒன்றும் இருக்கிறது. ஈயையும் காலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கால் கணக்கு இனி வேண்டாம். இது ஜெர்மனியில் மட்டுமே இருக்கிற ஈ என்றால் காலேஜ் சீல் வைத்து உடனே எழுதுங்கள், மிச்சத்தை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். நம் ஊர் மாம்பழத்து ஈதான் என்றால் பதிலே எழுத வேண்டாம். உங்கள் வீட்டில் முன்னறையை மட்டும் ஒழித்து வையுங்கள்.