போகிக்குக் கழித்த ரயில் பாதை

என்னிடம் மூவாயிரத்துச் சொச்சம் வீடியோ கேம்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட முழுதாக ஆடி முடித்ததில்லை. எனக்கு ஆடுவதில் ஆசை கிடையாது, அடுக்கி வைப்பதில்தான் வெறி. அதை ரொம்ப நாள் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வியாதி என்று தெரிவதற்கு ஒரு மாமனாரைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது. (ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். பதறாதீர்கள்.)

நான் வாங்கியது ஒரு கைக்கணினி. நடுவே திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள். எமுலேட்டர் என்ற மென்பொருளை அதில் போட்டால், சின்ன வயதில் டிவியில் செருகி ஆடிய பழைய கேம்கள் அத்தனையும் உயிர்பெற்றுவிடும். ஒரு நாள் வேலை. நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேமுக்கும் அட்டைப்படம் தேடி ஒட்டினேன். பளிச்சென்ற திரை பழைய டிவி மாதிரி கோடு கோடாகத் தெரிய ஒரு ஏற்பாடு செய்தேன். என் மனைவி கவிதா எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கிற ஸ்கிரீனை ரிப்பேரான மாதிரி ஆக்கறதுக்கா மூணு ஞாயித்துக்கிழமை?" என்றாள். ரசனை இல்லாதவள் என்று மன்னித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமா, அதாவது கவிதாவின் அப்பா, எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் ஃபிளாட்டுக்கு வந்தார். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. பீர்க்கன்கரணையில் அவர் வீடு மாடியில் இருக்கிறது, எங்களுக்கு லிஃப்ட் உண்டு. இல்லையென்றால் என் வாசலை மிதித்திருக்க மாட்டார். அவரைக் கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். நாலு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "காபி ஆறுதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்பார்.

ஒரு நாள் பொழுது போகாமல் அந்தக் கருவியைப் புரட்டியிருக்கிறார். ரயில் பாதை போடும் பழைய கேம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. நான் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது கேட்டார்: "இந்த டிராக்கை எப்படி வளைக்கறது?"

சுற்றும் முற்றும் பார்த்தேன். கவிதா வீட்டில் இல்லை. என்னைத்தான் கேட்கிறார்!

அதற்கப்புறம் ஒன்றரை மாதம், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மாமா லைன் போட்டார். தாம்பரத்திலிருந்து கிளம்பிய பாதை, நிஜத்தில் ரயிலே வராத ஊர்களுக்கெல்லாம் போனது. பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம் என்பதால் எங்கள் ஏரியா 'ராஜகில்ப்' ஆனது. "மாப்ள, மாடம்பாக்கத்துக்கு டபுள் லைன் போட்டாச்சு, வந்து பாருங்க" என்று ஒரு நாள் கூப்பிட்டார். மாப்ள! அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருடம் ஏங்கியவன் நான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆட்டத்தை நினைத்த இடத்தில் உறைய வைக்க எமுலேட்டரில் ஒரு பட்டன் உண்டு. மாமா அதை அமுக்கப் போனபோது, "அது குறுக்கு வழி மாமா. கேமுக்குள்ளயே போய் சேவ் பண்றதுதான் முறை" என்று பாடம் எடுத்தேன். முறைக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்த மனிதர். தலையாட்டினார். அன்றிலிருந்து அப்படியே செய்தார்.

போகி வந்தது. வீட்டில் பழைய பாய், ஓட்டை வாளி எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தன. நானும் என் பங்குக்குக் கருவியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பட்டியலில் சில கேம்கள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. ஒரே பெயரில் ஒரு பெரிய கோப்பு, பக்கத்திலேயே ஒரு பொடிக் கோப்பு. குப்பை என்று முடிவுகட்டி, பொடிகளை எல்லாம் அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். (ஆபீஸில் பேக்கப்பின் அவசியம் பற்றி வகுப்பு எடுப்பவன் சார் நான்!) கேமுக்குள் போய் முறையாகச் சேவ் செய்தால், அது அப்படிப் பொடிக் கோப்பாகத்தான் உட்காரும். அந்தப் பொடிகளில் ஒன்றில்தான் மாமாவின் ஒன்றரை மாதமும் இருந்தது.

பொங்கலன்று காலை, பானை பொங்கி முடித்ததும் மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மாப்ள, இங்க வாங்க. ஒண்ணு காட்டணும்."

போனேன். திரையில் வெறும் பச்சைப் புல்வெளி. ஒரு முழத் தண்டவாளம்கூட இல்லை.

"ஊரெல்லாம் காணோமே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நேத்து என்னமோ சுத்தம் பண்ணிட்டிருந்தீங்களே?"

விஷயத்தைச் சொன்னேன். "முதல்லேந்து போட்டுடலாம் மாமா, நானும் கூட இருக்கேன்" என்று உளறினேன்.

கருவியை அணைத்து என் கையில் கொடுத்தார். "லைன்ல ஒருத்தர் வேலை பாக்கறப்போ, அவரைக் கேக்காம கை வைக்கக் கூடாது. எங்க டிபார்ட்மெண்ட்ல முதல் நாளே சொல்லிடுவாங்க." அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காணும் பொங்கலன்று, படி ஏறிப் பழகினால்தான் முட்டிக்கு நல்லது என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் கவிதா மெதுவாகச் சொன்னாள்: "கடைசி ஸ்டேஷனுக்கு உன் பேரை வெச்சிருந்தாராம். சரவணான்னு. எட்டு எழுத்துல கடைசி எழுத்து போயிடுச்சேன்னு வருத்தப்பட்டாராம். அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கார்." கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்ட வேறு ஆள் கிடைக்காததால் என்னையே திட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு மாமா என்னிடம் பேசவில்லை. குடும்பம்தான் பேசித் தீர்க்கிறது. யார் வீட்டில் ஒட்டடை அடித்தாலும் என் பெயரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள்.

போன வருடம் எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் பெண். ஆஸ்பத்திரியில் கவிதாவின் சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குடி. உன் வீட்டுக்காரர் ஒண்ணை டெலீட் பண்ணிடப் போறார்" என்றார். அறையே சிரித்தது. நர்ஸுக்கும் கதை சொல்லப்பட்டது, அவரும் சிரித்தார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தொட்டிலை என் பக்கத்திலிருந்து தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார்.