அன்புச்செல்வி டீச்சரின் புத்த யாத்திரை

எள்ளுப் பொட்டலத்தோடு மூன்றாவது ஆள் வாசலில் வந்து நின்றதும் அன்புச்செல்வி டீச்சருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

வந்தவர் கணவரின் அண்ணன் இராமலிங்கம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

"கயாவுக்குப் போறீங்களாமே. எனக்கு வேர்க்கடலை புடுங்கற வேலை இருக்கு. இந்தா எள்ளு. அப்பாவுக்கு அங்க ஒரு பிண்டம் வெச்சுடுங்கம்மா."

"மாமா, நாங்க போறது புத்தகயா. புத்தர் ஞானம் அடைஞ்ச எடம். திதி குடுக்கப் போகல!"

"பக்கத்துலதான கயா? ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்க."

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தியவர் டீச்சர். சாஞ்சி ஸ்தூபியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறார். கண்ணால் ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக, பஸ் ஸ்டாண்டு பக்கம் டூர் நடத்தும் சக்திவேலிடம் தனக்கும் கணவர் சக்கரவர்த்திக்கும் பெயர் கொடுத்தார். சாஞ்சி, சாரநாத், நாளந்தா, புத்தகயா என்று ஒன்பது நாள் டூர். ஊர் உலகத்தில் ஒருத்தி தன் ஆசைக்கு ஓர் இடம் பார்க்கப் போகக் கூடாதா? உடனே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதா?

கோபத்தை அடக்கி, சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "மூத்த பிள்ளை நீங்க இருக்கும்போது நாங்க வைக்கலாமா மாமா? உங்க கையால வெச்சாத்தான் போய்ச் சேரும்."

இராமலிங்கம் யோசித்தார். "அதுவும் சரிதான். அப்போ நானே வந்துடறேன்."

மறுநாள் அவரும் அவர் மனைவியும் பெயர் கொடுத்தார்கள். 'மூத்தவர் கையால' என்ற பேச்சு டீச்சர் குடியிருந்த வேங்கிக்கால் முழுக்கப் பரவியது. எதிர்வீட்டு உண்ணாமலை, அவள் புருஷன், அவன் தங்கை என்று வாரக் கடைசிக்குள் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

டீச்சர் உண்ணாமலையைப் பயமுறுத்திப் பார்த்தார். "அங்க எல்லாம் சப்பாத்திதான் உண்ணாமலைக்கா. ஒம்பது நாளும் சோத்தைக் கண்ணுல காட்ட மாட்டாங்க."

உண்ணாமலை பயந்துதான் போனாள். அன்று சாயங்காலமே ஒரு சமையல்காரரையும் இரண்டு அண்டாவையும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

சக்திவேல் போன் பண்ணினான். "டீச்சர், சமையலுக்குத் தெனம் ரெண்டு மணி நேரம் வண்டி நிக்கணுமாம். நாளந்தாவைத் தூக்கிட்டேன்."

"தூக்கிட்டியா? உலகமே வந்து படிச்ச எடம்ப்பா அது!"

"இடிஞ்ச செவுருன்றாங்க டீச்சர். அதுக்குப் பதிலா காசியில பொடவைக் கடை. சாரநாத்துல இருபது நிமிஷம் நிப்போம். உண்ணாமலைக்கா அங்க மான் பாக்கணும்னாங்க, அதனால தப்பிச்சுது."

புத்தர் முதன்முதலில் போதித்த இடம் மானால் தப்பித்திருக்கிறது! டீச்சர் போனைக் கட்டிலில் வீசினார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போ அன்பு," என்றார் சக்கரவர்த்தி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீங்க வாயே தெறக்காதீங்க! பாதி உங்க ஜனந்தான்!"

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேரும் டீச்சர் வீட்டிலேயே கூடினார்கள். கயாவுக்குப் போனால் பிடித்த சாப்பாட்டில் ஏதாவது ஒன்றை ஆயுசுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். அதைத்தான் பேசினார்கள்.

"நான் பாவக்காயை விட்டுடறேன்," என்றார் இராமலிங்கம். அதை அவர் தொட்டதே இல்லை.

"நான் டிராகன் பழம்," என்றாள் உண்ணாமலை.

"நீங்க அதைத் தின்னதே இல்லையேக்கா!"

"அதான் டீச்சர், விடறதுக்கு சுலபம்."

எந்தச் சடங்கையும் நம்பாத டீச்சர் எழுந்து நின்று புரோகிதரைப் போல முழங்கினார். "செத்தவங்களையே ஏமாத்தறீங்களா? உசுருக்கு உசுரா எது பிடிக்குமோ அதை விடணும். இல்லன்னா ஒரு பிண்டமும் போய்ச் சேராது. உண்ணாமலைக்கா, நீங்க டீயை விடணும். மாமா, நீங்க கறியை."

இராமலிங்கத்துக்கு முகம் வெளுத்தது. "ஆடா, கோழியா?"

"ரெண்டும்."

"கொழம்பு மட்டும் ஊத்திக்கலாமாம்மா?"

"வாசனை கூடப் பிடிக்கக் கூடாது!"

திங்கட்கிழமை இராமலிங்கத்துக்கு வேர்க்கடலை ஞாபகம் வந்தது. உண்ணாமலைக்கு மூட்டுவலி வந்தது. சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேரும் நின்றுவிட்டார்கள். சமையல்காரர் அண்டாக்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

டீச்சர் அடுத்த ஆட்டோவைப் பிடித்து நேராகச் சக்திவேலிடம் போய் இறங்கினார்.

"எல்லாரும் நின்னுட்டாங்க இல்ல? இப்ப நாளந்தாவைத் திரும்பச் சேரு. சாரநாத்துல எனக்கு முழு நாளும் வேணும்."

சக்திவேல் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "டூரே ரத்தாயிடுச்சு டீச்சர். புத்தரைப் பாக்கன்னு உங்க ரெண்டு பேரைத் தவிர யாருமே பேரு குடுக்கல. இருபது பேர் இல்லாம நான் எடுக்க முடியாதுன்னு மொதல்லயே உங்க வீட்டு சார்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க மனசொடிஞ்சு போயிடுவீங்கன்னு, 'வாங்க, கயாவுல பிண்டம் வைக்கலாம்'னு வீடு வீடா ஏறி எறங்கி அந்தப் பதினெட்டுப் பேரையும் கெளப்பி விட்டதே அவர்தாங்க டீச்சர்."