முட்டைக்கோஸ் சூப் டப்பா

இந்த வருஷம் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தைகூட உண்மை பேசுவதில்லை என்று டென்சில் லஸ்கோம்ப் முடிவு கட்டினார். மே மாசம் மூன்றாம் ஞாயிறு வரைக்கும்தான். அதற்கப்புறம் பழையபடி பேசிக்கொள்ளலாம்.

காரணம் இல்லாமல் இல்லை. டெவன் கரையில் அவர்கள் இருக்கிற துறைமுகத்தில், வருஷா வருஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை பிளேஸ் மீன் போட்டி. படகில் போய்த் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும். பிளேஸ் என்றால் மாந்தல் மீனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தோசைக்கல் மாதிரித் தட்டை. பழுப்பு முதுகில் ஆரஞ்சுப் பொட்டு. மணலோடு மணலாகப் படுத்து, இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லாரையும் சந்தேகமாகப் பார்க்கும். டென்சிலும் அப்படித்தான் பார்ப்பார்.

தூண்டில் சங்கத்துச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை. ஜெயித்தவர் பேரைத் தங்க வண்ணத்தில் எழுதுவார்கள். எழுதுவார்கள் என்ன, எழுதுவதே டென்சில்தான். கடைக்குக் கடை போர்டு எழுதிப் பிழைத்த கை. அந்தக் கையாலேயே ஆறு வருஷமாக 'நெவில் ட்ரீப்', 'நெவில் ட்ரீப்' என்று எழுதி, ஈ உட்காராமல் விசிறி, காய வைத்து வருகிறார். நெவில் பக்கத்து வீட்டுக்காரன்.

அந்தப் பலகையில் இன்னும் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். மேலே ஐந்தாவது வரியில் டென்சிலின் அப்பா பேர் இருக்கிறது. அடுத்த வருஷம் புதுப் பலகை. அதைக் கழிப்பறைக்குப் போகிற சந்தில் மாட்டப்போவதாகச் செயலாளர் கிளாரன்ஸ் சொல்லிவிட்டார். அப்பா பேருக்குக் கீழே தன் பேர் வர வேண்டும். இல்லையென்றால் கழிப்பறைச் சந்து. டென்சிலுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

நெவில் எப்படி ஜெயிக்கிறான்? அதுதான் சங்கதி. மூன்று வருஷம் முன்னால் டென்சில் தூண்டில் முள்ளுக்கு மேலே பச்சைப் பாசிமணி கோத்தார். போட்டியன்று நெவில் தூண்டிலில் பச்சைப் பாசி. அடுத்த வருஷம் பாசிக்கு மேலே மின்னுகிற தகடு வைத்தார். நெவிலிடமும் தகடு. போன வருஷம் முள்ளுக்குத் தூண்டில் நரம்பை ஆறடி நீளம் விட்டார். நெவில் விட்டிருந்தது ஆறடி ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலம்தான் டென்சிலைக் கொன்றுபோட்டது.

வீட்டுக்குள்ளிருந்து யாரோ சொல்கிறார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர். டென்சில், அவர் பெண்டாட்டி ஆல்மா, பூனை. துணி காயப்போடும்போது வேலிக்கு மேலாக நெவிலோடு பேசுவது பூனை இல்லை.

காலைப் பலகாரத்தில் ஆல்மா தானாகவே வந்து வலையில் விழுந்தாள்.

"இந்த வருஷம் என்ன இரை, டென்சில்?"

டென்சில் ரொட்டியைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கறே?"

"சும்மா பேச்சுக்கு."

"நாப்பத்தோரு வருஷமா பேச்சுக்குக்கூட கேட்டதில்லையே."

"சரி, கேக்கல. அந்த ஜாம எடு."

"இரு, இரு. சொல்றேன்." டென்சில் காது மடலைச் சொறிந்துகொண்டார். "கானாங்கெளுத்தி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. செவப்புப் பாசி. நரம்பு ஒரு சாண் இருந்தா போதும்."

"ஒரு சாணா? போன வருஷம் ஆறடின்னு சொல்லி வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் இழுத்தியே. நான் தடுக்கி விழுந்தேன்."

"அது போன வருஷத்து மீனு. இது வேற."

"கடிச்சா?"

"கடிச்சதும் வெடுக்குனு இழுத்துடணும். ஒரு நொடி தாமசம் பண்ணினா போச்சு." காது சிவக்கச் சொறிந்தார்.

"அப்படியா? நான் ஏதோ பொறுமையா விட்டுப் பிடிக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உனக்கு என்ன தெரியும்!"

"எனக்கு என்ன தெரியும்" என்று ஆல்மாவும் ஒத்துக்கொண்டு தேநீர் ஊற்றினாள்.

மத்தியானம் டென்சில் மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றார். கீழே ஆல்மா ஒரு போர்வையைக் கொடியில் போட்டாள். வேலிக்கு மேலே நெவிலின் வழுக்கை எழுந்தது. ஆல்மா ஏதோ சொன்னாள். அப்புறம் கையை விரித்துக் காட்டினாள். கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

டென்சிலுக்கு நெஞ்சு வெடித்தது. பாதி துக்கத்தில், பாதி சந்தோஷத்தில். துக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்.

இனி நிஜமான வேலை. வழக்கமான தோட்டத்துக் கொட்டகை வேண்டாம், அங்கே வேலி பக்கம். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு முடிச்சுப் போட்டார். வாயைத் திறக்கவில்லை. கறுப்பு மூன்று, பச்சை இரண்டு, மாற்றி மாற்றிப் பாசி. கீழே சின்னத் தகடு. நரம்பு ஏழடி. இரைக்கு உயிருள்ள கடற்புழு. புழுவின் வாலில், காற்சட்டைக் கால் மாதிரி இரண்டாகக் கிழித்த கணவாய்த் துண்டு. அது தண்ணீரில் நடனமாடும். பார்க்கிற பிளேஸ் குடும்பத்தை மறந்து பின்னால் வரும்.

கடல் வற்றின நேரம் பார்த்துச் சேற்றைத் தோண்டி நாற்பது புழு கொண்டுவந்தார். காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரக் கடற்பாசியோடு போட்டு மூடி, மூடிமேல் தன் அழகான போர்டு எழுத்தில் 'முட்டைக்கோஸ் சூப்' என்று எழுதி, குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் தள்ளினார். அதை எவள் திறப்பாள்?

வியாழக்கிழமை எண்ணினார். முப்பத்து நாலு.

இன்னொரு தடவை எண்ணினார். ஒரு புழு அவர் விரலைக் கடித்தது. முப்பத்து நாலுதான்.

"ஃப்ரிட்ஜுல என் டப்பாவ யாராவது தொட்டீங்களா?"

"யாராவதுன்னா? இங்க நானும் பூனையும்தான் இருக்கோம்."

"ரெண்டு பேரையும்தான் கேக்கறேன்."

"எந்த டப்பா? முட்டைக்கோஸ் சூப்பா?"

"ஆமா."

"உனக்கு முட்டைக்கோஸ்னாலே குமட்டுமே. எங்கம்மா வச்ச சூப்ப பூந்தொட்டியில ஊத்தினவனாச்சே நீ."

"வயசாகுதில்ல. உடம்ப பாத்துக்கணும்."

"ரொம்ப நல்லது. சூடு பண்ணித் தரவா?"

"வேண்டாம்! அது… நல்லா ஆறிப்போனாத்தான் ருசி."

"சரி ராசா" என்றாள் ஆல்மா.

அந்த ஊரில் பூனையையும் தபால்காரரையும்கூட ராசா என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மயங்க ஒன்றுமில்லை. ஆனாலும் டென்சில் ஒரு நிமிஷம் யோசித்தார். புழு ஒன்றை ஒன்று தின்றிருக்கும் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, இன்னும் பத்துப் புழு தோண்டிச் சேர்த்தார்.

சனிக்கிழமை பிற்பகல் சங்கத்தில் யாரும் இல்லை. சாவி டென்சிலிடம் எப்போதும் உண்டு. ஏணியைச் சாத்தினார். கடைசி வரியில் வருஷத்தை எழுதினார். கை அதோடு நிற்கவில்லை. 'லஸ்கோம்ப்' என்று எழுதிவிட்டார். தங்க வண்ணம், கீழே மெல்லிசாக ஒரு நிழல். மீனை நிறுக்கும் முன்னே முழுப் பேரையும் எழுதினால் ராசி கெடும் என்பது படகுக்காரர்கள் நம்பிக்கை. அதனால் முன்னால் 'டென்சில்' எழுத மட்டும் இடம் விட்டார். மேலே செய்தித்தாள் ஒட்டி மூடினார். வருஷா வருஷம் வரி போட்டு மூடி வைப்பது வழக்கம்தான். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

ஞாயிறு காலை ஆல்மா மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"வின்னி வீட்டுக்கு. சங்கத்து டீக்கு ரொட்டிக்கு வெண்ணெய் தடவணும்." வின்னி, நெவிலின் பெண்டாட்டி.

"வெண்ணெய் தடவ தொப்பி எதுக்கு?"

"வெயிலு."

"அடுப்படியிலயா?"

"வின்னி வீட்ல ஜன்னல் பெருசு."

கடைசி நேரத்து உளவு சொல்லப் போகிறாள் என்று டென்சில் புரிந்துகொண்டார். போகட்டும். எல்லாம் பொய்ச் சரக்கு.

மட்டிச் சிப்பி படர்ந்த மணல்திட்டுக்கு மேலே எஞ்சினை அணைத்துவிட்டு, நீரோட்டம் இழுக்கிற பக்கம் படகை விட்டார். தூண்டிலை இறக்கினார். ஈயக் குண்டு மணலில் தட்டித் தட்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி. இனி தூண்டில் நுனியைப் பார்க்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

டென்சில் தூரநோக்கியை எடுத்து நெவிலைப் பார்த்தார்.

நெவில் தூண்டிலில் சிவப்பு மின்னியது. செவப்புப் பாசி! நரம்பு? ஒரு சாண்! நெவில் வெடுக்கென்று இழுத்தான். வந்தது நாய்ச்சுறா. டென்சில் படகுக்குள்ளேயே காலை உதைத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி வெடுக். மறுபடி நாய்ச்சுறா. இதைவிட ஒரு வேடிக்கை இங்கிலாந்தில் எந்த நாடகக் கொட்டகையிலும் இல்லை. இதற்கிடையில் தன் தூண்டில் நுனி இரண்டு தடவை தலையாட்டியதை அவர் பார்க்கவில்லை. மூன்றாம் தடவை பார்த்துப் பதறி இழுத்தார். வெறும் முள். புழுவையும் காற்சட்டையையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

தூரத்தில் ஒரு சின்ன நீலப் படகு. அதில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு மஞ்சள் தொப்பி. எந்த ஊர்க்காரிகளோ, வெயில் காய வந்திருக்கிறார்கள் என்று தூரநோக்கியை மறுபடி நெவில் பக்கம் திருப்பினார். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனுஷன், அந்தத் தொப்பியை மட்டும் விட்டுவிட்டார்.

மூன்று மணிக்குச் சங்கத்தில் எடைத் தராசு. டென்சிலின் மீன் இரண்டு பவுண்டு ஓர் அவுன்ஸ். மற்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் அதற்கும் கீழே. நெவில் வெறுங்கையோடு வந்தான்.

"ஏழு நாய்ச்சுறா!" என்று டென்சில் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினான். "ஒரு சாணாம், கானாங்கெளுத்தியாம்! எல்லாம் உன் வீட்டம்மா பேச்ச நம்பி!"

"ஆஹா! வாயால ஒத்துக்கிட்டான்! எல்லாரும் கேட்டீங்களா?" என்று டென்சில் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "எங்க அவ? ஆல்மா!"

"இங்கதான் இருக்கேன், கத்தாதே" என்று ஆல்மா உள்ளே வந்தாள். மஞ்சள் தொப்பி. பின்னால் வின்னி. இருவருக்கும் நடுவே ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு பொருள். தராசில் வைத்துச் சாக்கைப் பிரித்தார்கள். தராசையே மூடிக்கொண்டு ஒரு பிளேஸ் படுத்திருந்தது.

"நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்" என்றார் கிளாரன்ஸ். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.

டென்சில் பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நீ… நீ அவன்கிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். நீ சொன்னத அப்படியே சொன்னேன்."

"அது பொய்யி!"

"தெரியும் ராசா. காத சொறிஞ்சிக்கிட்டே சொன்னியே. அதான் அவருக்குக் குடுத்துட்டு, நான் எல்லாத்தையும் தலைகீழா செஞ்சேன். கடிச்சுது. விட்டேன். இருபது வரைக்கும் எண்ணினேன். வின்னி ஒரு சாண்ட்விச்சே சாப்பிட்டு முடிச்சா. அப்புறமா இழுத்தேன்."

"பாசி? பாசி எப்படி தெரியும்?"

"குளியல் தொட்டி ஓட்டையில கறுப்பும் பச்சையுமா அடைச்சுக்கிட்டிருந்துது. ஊருலகத்துல முட்டைக்கோஸ் சூப்ப பூனைகிட்டேருந்து காப்பாத்தறவன் நீ ஒருத்தன்தான். தொறந்து பாக்க மாட்டேனா? ஆறு புழுவ எனக்கு எடுத்துக்கிட்டேன்."

"அப்ப ஆறு வருஷமா…"

"அது நான் இல்ல. நீதான். கொட்டகை ஜன்னல தொறந்து வச்சிக்கிட்டு, 'பச்சை ரெண்டு, தகடு ஒண்ணு, நரம்பு ஆறடி'ன்னு புழுவுக்குப் பாடம் நடத்துவே. நெவில் அந்தப் பக்கம் வேலி வெட்டிக்கிட்டு நிப்பாரு. பாவம், அந்த வேலி தழைக்கவே இல்ல."

நெவில் கூரையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டிருந்தே."

அதற்குள் கிளாரன்ஸ் பலகையில் இருந்த செய்தித்தாளைக் கிழித்துவிட்டார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கடைசி வரியில், முன்னால் இடம் விட்டு, தங்கமாக மின்னியது: லஸ்கோம்ப்.

"டென்சில்!" கிளாரன்ஸ் இரண்டு கையையும் விரித்தார். "நேத்தே எழுதி வச்சிருக்கியே! வீட்டுக்காரி ஜெயிப்பான்னு அவ்வளவு நம்பிக்கையா!"

யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். வின்னி மூக்கைச் சிந்தி, நெவில் முதுகில் ஒரு குத்து விட்டாள். "பாத்துக் கத்துக்கோ. நீயும் இருக்கியே!"

ஆல்மா பலகையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "எனக்காகவா எழுதினே?"

டென்சில் அப்பாவின் பேரைப் பார்த்தார். கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தார். "ஆமா" என்றார். "உனக்காகத்தான்."

அவர் கை காது மடலைச் சொறிந்துகொண்டிருந்தது. ஆல்மா அந்தக் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தூரிகையை எடுத்து அவர் கையில் கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"'ஆல்மா'ன்னு கொஞ்சம் பெருசாவே எழுது ராசா. மீன நானும் வின்னியும் பொரிச்சுக்கறோம். உனக்கு வீட்ல முட்டைக்கோஸ் சூப் வச்சிருக்கேன். காலையிலேயே எறக்கி, நல்லா ஆற விட்டிருக்கேன்."