ஒன்பது கையெழுத்தும் ஒரு பிளம்ஸ் கேக்கும்

கையெழுத்து பக்தர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். அடியில் யார் போட்டது, எந்த மையில் போட்டது, தேதி இருக்கிறதா, முத்திரை கோணலாக விழுந்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்ப்பார்.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் அருகே தகடு அழுத்தும் பிரஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் இந்த இனத்துக்குத் தலைவர் டாக்டர் எக்கெஹார்ட் ஷ்டோல்ஸ்லே, பாதுகாப்புப் பிரிவின் மேலாளர். பிரஸ்ஸின் முன்னால் பாயும் காவல் ஒளிக்கதிரைக் கை மறித்த கணமே பிரஸ் நிற்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் அது நிற்கவும் கூடாது.

யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே விட்டுவைத்த இயங்குதள மென்பொருளைப் புதிய பிரஸ்ஸில் போடலாம் என்றாள் பொறியாளர் அனெக்ரெட். வந்தது வினை.

"யாரும்மா எழுதினது?"

"பல ஆயிரம் பேர், டாக்டர்."

"அதுல யாரு கையெழுத்துப் போடுவா? நாளைக்கு ஒருத்தன் விரல் போனா நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது?"

விரல் போகாமலிருக்க வழி கேட்கமாட்டார். போனபின் பிடிக்க ஆள் வேண்டும். யாரும் உள்ளே பார்க்க முடியாத பழைய இயங்குதளத்துக்கு நானூறு பக்க ஆவணமும் ஒன்பது கையெழுத்தும் இருக்கின்றன. அதைவிடப் பாதுகாப்பு வேறென்ன?

அனெக்ரெட் தான் எழுதிக் கொடுத்த அந்த ஆவணத்தில் இருநூற்றேழாம் பக்கத்தைப் பிரித்து நீட்டினாள். பிரஸ் நிற்க ஆகும் நேரம் என்ற கணக்குக்கு அடுத்த வரி: 'இதைப் படிப்பவருக்கு என் மேசையில் பிளம்ஸ் கேக் காத்திருக்கிறது.'

"ஒரு வாரம் பார்த்தேன். ஒருத்தரும் வரல. நானும் ஸ்த்ராவ்கோவும் தின்னுட்டோம்."

நாள் முழுக்கப் பிரஸ்ஸில் கைவிட்டு எடுக்கும் தொழிலாளி ஸ்த்ராவ்கோ. பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"என்னம்மா விளையாட்டு இது?"

"அதே கணக்கை நேத்து அந்தப் பல ஆயிரம் பேரும் இணையத்துல பாக்கிற இடத்துல போட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் காலையில எழுதியிருக்கார், ஒரு சைபர் விட்டுப்போச்சு, கை மாட்டின பிறகுதான் பிரஸ் நிக்கும்னு. அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். தப்பு என்னோடது, டாக்டர். ஆனா ஒன்பது பேர்ல ஒருத்தர்கூடப் பார்க்கலையே."

ஸ்த்ராவ்கோ தன் வலது கையை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் போய் பிரஸ்ஸை அணைத்துவிட்டு வந்தார்.

டாக்டர் அந்த முகமறியாதவர் எழுதியதன் அச்சுப்பிரதியை அவளிடமிருந்து வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாக, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"எல்லாம் சரிதாம்மா," என்றார். "இவர் கையெழுத்துப் போடுவாரா?"

சிரிக்கிறீர்கள். கேக் இருந்தது எத்தனையாவது பக்கம்? மேலே தேடாமல் சொல்லுங்கள். தெரியவில்லையா? பரவாயில்லை, அந்த ஆவணத்தில் பத்தாவது கையெழுத்துக்கு இடம் இருக்கிறது.