தேங்காய் வாசித்த பியானோ

எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தை அக்காவின் பரிசத்துக்கு முன்பே வாய் திறந்து சொல்லியிருந்தால், இன்று என்னை ஒரு தேங்காயோடு ஒப்பிட்டுப் பேசும் நிலை வந்திருக்காது.

மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம் எங்களுடையது (எங்களுடையது என்றால், நாங்கள் குடியிருந்தது). அப்பா அங்கே மண்டோர், அதாவது வேலையாட்களுக்குக் கங்காணி. குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டில் பிளக் வைத்த பொருள் எல்லாம் என் இலாகா. சோற்றுப் பானை சூடாகாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு டிஜிட்டல் பியானோவை வாங்கிக்கொண்டு வந்தபோது, அதை வாசிக்கத் தெரியுமா என்று யாருமே கேட்கவில்லை. படித்த பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்தப் பியானோவும் எனக்கு உடந்தை. இடது பக்கம் ஒரு கட்டையை ஒற்றை விரலால் அழுத்தினால் போதும், அதுவே பொருந்தும் சுரங்களைக் கூட்டி முழு கார்டாக்கி, கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்துவிடும். நான் விரலை மாற்றினால் பின்னால் வாசிப்பது போலக் கேட்கும் பத்துப் பேரும் மாறுவார்கள். அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்: "பத்து பேரு வாசிக்கிறத எம்மவன் ஒத்த வெரல்ல வாசிக்கிறான்லா." நான் மறுக்கவில்லை. அடக்கமாகச் சிரித்தேன்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் மம்பாவ். எல்லாருக்கும் சம்மதம், மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. பெண் பார்க்க வந்த அன்று முழுக்க அவர், பயத்தில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பரிசத்தன்று சபையிலேயே தன் வார்த்தையைச் சொல்வதாகச் சொல்லிப் போய்விட்டார். அக்கா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

தோட்டத்துக் குடும்பம் என்று தயங்குகிறார்கள் என்று நானே முடிவு செய்தேன். உடனே வீட்டைத் திருத்தக் கிளம்பினேன். அப்பா சத்தமாகச் சிரிக்கக் கூடாது (அவர் சிரித்தால் மூன்றாவது வீட்டுக் கோழி எழுந்து ஓடும்). அம்மா பேச்சில் 'லா' போடக் கூடாது. அக்கா தலையை நிமிர்த்தவே கூடாது. தட்டு மாற்றும் நேரத்தில் நான் மெல்லிய இசை ஒன்றை வாசிப்பேன். மம்பாவே வாயைப் பிளக்கும்.

அன்று காலையிலேயே பியானோவைக் கூடத்தில் வைத்து, மெதுவான தாளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 'தொட்டதும் தொடங்கும்' பொத்தானையும் அழுத்தி வைத்தேன். அதில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். இடது பக்கக் கட்டையில் எது பட்டாலும் தாளம் தொடங்கிவிடும். எது பட்டாலும் என்பதை நான் விரல் என்று புரிந்துகொண்டேன்.

நான் சட்டை மாற்றப் போன நேரத்தில் அம்மா பியானோவைத் துடைத்தார். கட்டையை மட்டுமல்ல, மேலே இருந்த திருகுகளையும் பளபளவென்று சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். பாயெல்லாம் தட்டுகள். எங்கள் வீட்டார் நான் சொல்லிக் கொடுத்தபடி, பல் பிடுங்கக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக இருந்தார்கள். எங்கள் மாமா தொண்டையைச் செருமி, இரு வீட்டாரின் பெயர்களையும் சொல்லி, மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, நீங்க ஒங்க வார்த்தைய சொல்லுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு கேக்கணும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து, கடைசித் தட்டோடு இடமில்லாமல் நின்றிருந்த சித்தியின் கண்ணில், நீளமாக, வெள்ளையாக, காலியாக ஒரு மேசை பட்டது. தேங்காய்த் தட்டை அதன் இடது ஓரத்தில் வைத்தார்.

டாங்டுட். மலாய்க் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிவிடும் அதே தாளம். அம்மா துடைத்ததில் நான் வைத்த தாளம் மாறி, சத்தமும் முழுதாக ஏறியிருந்தது. ஏழெட்டுக் கட்டை ஒன்றாக அமுங்கியதில் என்ன கார்டு என்று பியானோவுக்கே விளங்காமல், மத்தளம் மட்டும் வெளுத்து வாங்கியது.

சித்தி பதறித் தட்டைத் தூக்கினார். நிற்கவில்லை. கையை எடுத்தாலும் ஓடும், அதற்குப் பெயர்தான் தானியங்கி. தூக்கிய வேகத்தில் தேங்காய் உருண்டு ஒரு கட்டையில் மட்டும் விழ, சுத்தமான கார்டு ஒன்று பிறந்து, பேஸும் கிட்டாரும் சந்தோஷமாகச் சேர்ந்துகொண்டன. நான் ஓடிப் போய் அகப்பட்ட பொத்தானை அமுக்கினேன். டிரம்ஸ் உருண்டது. அடுத்ததை அமுக்கினேன். புல்லாங்குழலோடு முதலிலிருந்து தொடங்கியது. சபை கலையக் கூடாது என்று மாமா கொள்ளுப்பாட்டன் பெயரிலிருந்து உரக்கச் சொல்லத் தொடங்க, அவர் குரல் அப்படியே தாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கைதட்டி இடுப்பை ஆட்டினார்.

அப்பாதான் முதலில் உடைந்தார். மூன்றாவது வீட்டுக் கோழி ஓடியது. அடுத்து அக்கா. ஒரு வாரம் குனிந்த தலை நிமிர்ந்து, கண்ணில் மை வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள்.

கடைசியில் 'முடிவு' பொத்தான் அகப்பட்டது. பியானோ சும்மா நிற்குமா? டிரம்பெட், சிம்பல் எல்லாம் அடித்து, ராஜா சபை கலைவது போல முடித்தது. தேங்காய் கீழே விழுந்து, மாப்பிள்ளையின் அம்மா காலடியில் போய் நின்றது.

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் குனிந்து தேங்காயை எடுத்தார்.

"ரெண்டு தடவ வந்துட்டேன், இந்த வீட்ல ஒருத்தர் பல்லையும் பாக்கல. எங்க வீடு எந்நேரமும் கலகலன்னு இருக்கும். இந்தப் பொண்ணுக்குச் சிரிக்க வருமான்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன்." அக்காவைப் பார்த்தார். "இனிமே கேக்க வேணாம்லா. தட்ட மாத்துங்க."

வீட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பியானோவைத் துடைப்பது போல நடித்தேன்.

அதற்குப் பிறகு சிரம்பானில் ஓர் ஆசிரியரிடம் முறையாகக் கற்றுக்கொண்டேன். இப்போது பத்து விரலாலும் வாசிக்கிறேன், தானாக ஓடும் எதையும் தொடுவதில்லை. ஆனால் யாருக்கு வேண்டும் அது? அக்கா மகளுக்குப் பெயர் வைத்த அன்று நான் பியானோ முன்னால் உட்கார்ந்ததும், அப்பா ஒரு தேங்காயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், நான் திணறினால் உதவிக்கு என்று. சம்பந்தியம்மாவோ, இப்போது எனக்கு அத்தை, போகிற இடமெல்லாம் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்:

"இது எங்க மருமவளோட தம்பி. நல்லாப் பியானோ வாசிப்பான். தேங்கா அளவுக்கு வராது."